சடன் பிரேக் யாருக்குச் சடன்?

ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பேனாவைக் கடிக்காமல் உடனே எழுத ஆரம்பிக்கிற சொற்களில் ‘சடன்’ ஒன்று. தெரிந்த சொல்தானே. பாளையங்கோட்டையில் டவுன் பஸ் ஏறி ஜங்ஷன் போய் இறங்குவதற்குள் நாலு பேர் வாயிலிருந்தாவது அது வந்து விழும். ‘சடனா வண்டிய நிப்பாட்டிட்டாம்ல’, ‘சடன் பிளாண்ணே, குத்தாலம் போயிட்டோம்’, ‘பெரியப்பாவுக்கு சடனா முடியாமப் போச்சு’. பத்தாம் வகுப்பு தாண்டாத ஆச்சி முதல் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லோருக்கும் பழக்கமான சொல். சிக்கலே அதுதான். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவான், வாத்தியாரிடம் கேட்பான். தெரிந்த சொல்லைத் தமிழில் எப்படிப் புழங்குகிறானோ அப்படியே தூக்கி ஆங்கில வாக்கியத்தில் வைத்துவிடுவான்.

பாளையில் ஒரு மாடியில் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், சட்டக் கல்லூரியிலிருந்து வருகிற ரெண்டு மூணு பேர் என்று கலவையான கூட்டம். அவர்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியம் இந்த ரகம்: ‘சடன் ஐ சா எ ஸ்நேக்.’ பாம்பைப் பார்த்தது சரி, சடன் அங்கே நிற்கக் கூடாது. ‘ஹீ டைட் இன் சடன்.’ இறந்தவருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள், அந்த ‘இன்’ வேண்டாம். ‘சடன்லி டெத்.’ இது எதிர்ப்பக்கம் போய் விழுந்தது.

இலக்கணப் புத்தகம் என்ன சொல்லும்? சடன் பெயரடை, சடன்லி வினையடை, முதலாவது பெயரைத் தழுவும், இரண்டாவது வினையைத் தழுவும். பையன் தலையை ஆட்டுவான், அடுத்த வரியில் அதே தப்பைப் போடுவான். எனக்குக் கைகொடுப்பது அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிற தமிழ்தான். ‘சடனா நிப்பாட்டிட்டான்’ என்று சொல்லும்போது கடைசியில் ஒரு ‘ஆ’ போடுகிறானே, ‘ஆக’ தேய்ந்து வந்த ‘ஆ’, ஆங்கிலத்தில் ‘லி’ பார்க்கிற வேலையை அதுதான் பார்க்கிறது. அதனால் என் வகுப்பில் விதி சுருக்கமானது: பேச்சில் ‘ஆ’ வந்தால் எழுத்தில் ‘லி’ வரும். சடனா நிறுத்தினான், ஹீ ஸ்டாப்ட் சடன்லி. ‘ஆ’ இல்லாமல் சடன் பிளான், சடன் சத்தம் என்று சொன்னால் அங்கே மொட்டையாக சடன்: எ சடன் நாய்ஸ். முன்னால் அந்த ‘எ’யை மட்டும் மறக்கக் கூடாது. நம் மொழியில் அப்படியொன்று கிடையாது என்பதால் அதுதான் முதலில் காணாமல் போகும்.

விதி ஒரு இடத்தில் காலை வாரிவிடும். ‘எல்லாம் ரொம்ப சடனா இருந்துச்சு சார்’ என்பான். ‘ஆ’ இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் ஆல் ஸோ சடன்’ என்றுதான் வரும், லி கிடையாது. ‘இருக்கு, இருந்துச்சு’ என்கிற வினை வந்துவிட்டால் லியைக் கழற்றிவிடு என்று ஒரு விலக்கு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘ஹிஸ் டெத் வாஸ் சடன்’ என்பதும் இந்தக் கணக்கில் சேரும். நிறையப் பேர் ‘வாஸ் சடன்லி’ என்று எழுதிவிட்டு எதையோ பாதியில் விட்ட மாதிரி இருக்கிறதே என்று முழிப்பது இதனால்தான்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பார்த்து ‘சுடென்’ என்று படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் அசையில்தான் அழுத்தம், இரண்டாவது அசையில் உயிரெழுத்து இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு விழுங்கிவிடுவார்கள், ஸட்ன் என்பது போலக் கேட்கும். நாம் சடன் என்று சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

இதெல்லாம் தாண்டியும் ஒன்று இருக்கிறது. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், ஆனாலும் தமிழ் வாடை அடிக்கும். ‘சடன்லி ரெயின் கேம்.’ தப்பில்லை, ஆனால் இது ‘திடீர்னு மழை வந்துட்டு’ என்பதன் நிழல். தமிழில் எல்லாப் பரபரப்பையும் வினைக்கு முன்னால் கொட்டுகிறோம்: சட்டென்று, பட்டென்று, டக்கென்று, பொசுக்கென்று, திடுதிப்பென்று. என்னென்ன வேகத்தில், என்னென்ன சத்தத்தில் நடந்தது என்பதற்கெல்லாம் தனித்தனியாக வைத்திருக்கிறோம். ‘பொசுக்குன்னு செத்துப் போயிட்டான்’ என்பதில் இருக்கிற ஆற்றாமை ‘டக்குன்னு’வில் கிடையாது. ஆங்கிலம் இந்த இடத்தில் வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். தேர் வாஸ் எ சடன் டவுன்போர். ஐ ஃபெல்ட் எ சடன் பெயின். தேர் வாஸ் எ சடன் சைலன்ஸ். மழையும் வலியும் மௌனமும் பெயராக நிற்க, சடன் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் நாலு வரி கதை எழுதச் சொன்னால் நாலு வரியும் சடன்லியில் ஆரம்பிக்கிற பையனிடம், அதில் மூன்றையாவது இப்படி மாற்றச் சொல்லுவேன். மாற்றினால் கதை அப்படியொன்றும் பிரமாதமாகிவிடாது, படிக்கிறவருக்குத் தலைவலி குறையும்.

சரி, இலக்கணம் போதும். இந்தச் சொல்லில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி வேறு.

திசையன்விளை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மூலைக்கரைப்பட்டி தாண்டி ஒரு இடத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், மேலே வைத்திருந்த ஒரு தூக்குச்சட்டி உருண்டு கீழே வந்தது. முன் சீட்டில் இருந்த ஆச்சி விடுவாரா? ‘ஏல, ஆளைக் கொல்லப் பாக்கியா? இப்படியா சடனா பிரேக்கு போடுவ?’ டிரைவர் திரும்பாமலேயே சொன்னார்: ‘அந்த ஆடு ரோட்டோரம் நின்னு முழிக்கும்போதே நான் பாத்துட்டேன் ஆச்சி. நீங்க இப்பத்தான் பாக்கீய.’

சடன் என்பது வேகத்தைச் சொல்கிற சொல் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிற குவிக், ஃபாஸ்ட், ராப்பிட் எல்லாவற்றோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும், அது ஃபாஸ்ட். அதில் சடன் எதுவும் இல்லை, திசையன்விளை வரைக்கும் அதே வேகத்தில் போனாலும் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் வேகமாகப் போகிறது, அதை யாரும் சடன் டிரெயின் என்று சொல்ல மாட்டார்கள். எதிர்பார்க்காத ஒருவர் இருந்தால்தான் சடனுக்கு வேலை. ஆட்டை முன்னாலேயே பார்த்த டிரைவருக்கு அது சாதாரண பிரேக், ஜன்னல் வழியாகப் பனங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஆச்சிக்கும் சடன். ஒரே பிரேக்தான்.

இந்தச் சொல்லின் பூர்வீகமும் இதற்கு ஒத்துப்போகிறது. லத்தீனில் அடியிலிருந்து ஓசைப்படாமல் வந்து சேர்வது என்ற பொருளுள்ள ஒரு வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. அடியிலிருந்து வருகிறது, அதனால் நமக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரியும்.

ஆகவே ‘சடன்’ போட்டு வாக்கியம் எழுதும் முன் யாருக்குச் சடன் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் எழுதப்படுகிற வாக்கியங்களில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியவை.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் அருவியில் குளித்தவர்களுக்கு அந்த ஆர்ச் தெரியும், தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலைக்குள் மழை கொட்டி முடித்திருக்கும், அந்தத் தண்ணீர் இறங்கி வருகிற வரைக்கும் குளிக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த தண்ணீரில் ஒரு பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மலைக்கு அது திடீர் இல்லை. இதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ‘சடன் ஃப்ளட்’ என்று எழுதுகிறார்கள், பொருள் புரியும், ஆனால் ஆங்கிலத்தில் இதற்கென்றே ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’ இருக்கிறது. மழை பெய்து ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற வெள்ளத்துக்கு வானிலைக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

தாமிரபரணியில் வருகிற வெள்ளம் பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் திருநெல்வேலிக்கு வந்துசேர மணிக்கணக்காகும், கரையோரத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டே போவார்கள், குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற முருகன் கோயிலிலிருந்து உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். அதற்கப்புறம் வருகிற வெள்ளத்தை, மறுநாள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர் ‘சடன் ஃப்ளட் இன் திருநெல்வேலி’ என்று போடுகிறார். முருகனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் மழையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது வகுப்பில் பெரிய வாக்குவாதமே வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. இங்கே ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையைவிட அதிகமாக ஒரே நாளில். ‘சடன் ரெயின்’ என்று எழுதியவளைப் பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: ‘பதினேழாம் தேதி காலையிலேருந்து பெஞ்சிட்டே இருந்துச்சு, என்ன சடன்?’ அவளும் விடவில்லை: ‘எங்க வீட்ல ராத்திரி ஒரு மணிக்குப் பாத்தா தண்ணி தரையில, ரெண்டு மணிக்குக் கட்டில் மட்டத்துல. அது சடன் இல்லாம என்ன?’ ரெண்டு பேர் சொன்னதும் சரி. மழை சடன் இல்லை, அது ஹெவி, எக்ஸ்ட்ரீம், வரலாறு காணாதது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தண்ணீர் உயர்ந்ததுதான் சடன். ‘தேர் வாஸ் எ சடன் ரைஸ் இன் தி வாட்டர் லெவல்’ என்று எழுதினால் அவள் கட்டிலும் சரியாக இருக்கும், அவன் காலண்டரும் சரியாக இருக்கும். சடனை எந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டுகிறோம் என்பதில்தான் உண்மையும் பொய்யும் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அதே ராத்திரிதான் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது, கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த டிரெயின் ‘சடனா’ நிற்கவில்லை. வழக்கமாக நிற்கிற ஸ்டேஷனில் வழக்கம் போல நின்றது, அதற்கப்புறம் கிளம்ப விடவில்லை. ‘தி டிரெயின் கேம் டு எ சடன் ஹால்ட்’ என்று ஒருவன் அழகாக எழுதியிருந்தான், ஆங்கிலத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியம் நிஜமாகியிருந்தால் 800 பேரின் கதை என்ன ஆகியிருக்கும் என்று அவனிடம் கேட்டேன். அடித்துவிட்டு ‘வாஸ் ஹெல்ட் பேக்’ என்று மாற்றினான்.

தமிழில் ‘திடீர்’ ஒன்று போதும், ஆங்கிலத்தில் போதாது. இதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் பட்டியல் போட ஆரம்பித்தால் நிற்காது. கலெக்டர் திடீர் ஆய்வு நடத்தினால் அது சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்ஷன். ஆட்சி கவிழ்ந்து திடீர்த் தேர்தல் வந்தால் ஸ்னாப் எலெக்ஷன். பஸ்காரர்கள் திடீர் வேலைநிறுத்தம் செய்தால் நம் பத்திரிகைகளில் ஃப்ளாஷ் ஸ்டிரைக். பாக்கெட்டில் வருகிற திடீர் சாம்பார் இன்ஸ்டன்ட். ‘சடன் சாம்பார்’ என்று நிஜமாகவே ஒரு விடைத்தாளில் பார்த்தேன், அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன். சாம்பாருக்கு ஏன் ஒத்துவராது என்றால், சடன் நடக்கிற ஒன்றுக்கு முன்னால்தான் வரும், இருக்கிற பொருளுக்கு முன்னால் வராது. மாற்றம், இறக்கம், ஏற்றம், சத்தம், வலி, ஆசை, கோபம், முடிவு, சாவு, இவை எல்லாம் நடக்கின்றன, சடன் ஒட்டும். நாற்காலி, சாம்பார், வீடு, பணக்காரன், இவை ஒட்டாது. அப்புறம் ‘சடன் சர்ப்ரைஸ்’ என்று எழுதுகிறவர்களுக்கு: முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்கிற சர்ப்ரைஸ் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

யாருக்குச் சடன் என்ற கேள்வி வெறும் வாக்கியப் பயிற்சியாக நின்றுவிடாமல் ஆளின் ஆயுளையே தீர்மானிக்கிற இடம் ஒன்று உண்டு. அதைச் சட்டக் கல்லூரிப் பையன்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தான்.

‘சடன் ப்ரவகேஷன்’ என்ற சொற்றொடரை இங்கே கோர்ட் வாசலில் டீ குடிக்கிற எவரும் சொல்லுவார். ‘சடன் ப்ரவகேஷன்ல வெட்டிட்டான், கேஸ் நிக்காது’ என்று வக்கீலுக்கே யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கேஸ் நிற்காது என்பது கட்டுக்கதை. சட்டத்தில் இருப்பது ‘கிரேவ் அண்ட் சடன் ப்ரவகேஷன்’. நடுவில் இருக்கிற ‘அண்ட்’டைத்தான் டீக்கடையில் விட்டுவிடுகிறார்கள். ஆத்திரமூட்டல் கடுமையானதாகவும் இருக்க வேண்டும், திடீரென்றும் இருக்க வேண்டும், அதனால் அவன் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியையே இழந்திருக்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று இறங்கும், விடுதலை ஆகாது. கொலை என்றால் தூக்கு அல்லது ஆயுள். இறங்கினால் பத்தாண்டுக்குள் முடிய வாய்ப்புண்டு. 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 300ஆம் பிரிவின் முதல் விலக்காக இருந்தது இது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 101ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. எண் மாறியது, சடன் மாறவில்லை. அதே பிரிவின் நான்காவது விலக்கில் சடன் ரெண்டு தடவை வருகிறது: முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சச்சரவில், திடீர்ச் சண்டையில், கோப வேகத்தில் நடந்தது என்று. ஒரு பெயரடையை ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை போடாதே என்று நான் சொல்லிக்கொடுப்பதை அந்தத் தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே ஆட்கள் மதிக்கவில்லை என்றான் பையன். அவர்கள் என் வகுப்புக்கு வரவில்லையே என்றேன்.

இந்தச் சடனுக்கு எத்தனை நிமிஷம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதை நீதிமன்றம்தான் ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27, பம்பாய். மனைவி தனக்கு இன்னொருவரோடு இருந்த உறவைச் சொல்கிறார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய் வேறு காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கி, அந்த ஆளின் ஆபீசுக்குப் போய், அங்கே இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். மதியம் ஒன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவர், சுட்டது நாலு இருபதுக்கு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள அது தாராளமான அவகாசம், இது சடன் இல்லை என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மனைவி சொன்ன விஷயம் அவருக்குச் சடன்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி சடன் இல்லை. மறுபடியும் அதே கதை, எந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டுகிறோம் என்பது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சென்னை உயர் நீதிமன்றம் போன பாதை. ஒரு பெண். வருஷக்கணக்காகக் குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். ஒருநாள் பிள்ளைகளோடு கிணற்றில் குதிக்கிறாள், பிள்ளைகள் போய்விடுகின்றன, அவள் பிழைத்துவிடுகிறாள். கொலை வழக்கு. சடன் ப்ரவகேஷன் என்று எதைக் காட்டுவது? அன்றைக்கென்று புதிதாக எதுவும் நடக்கவில்லை, நேற்று அடித்தான், முந்தாநாளும் அடித்தான். இந்த மாதிரி ஒரு வழக்கில் 1989இல் சென்னை உயர் நீதிமன்றம், நம் ஊர்களில் கதைப்பாடலாகப் பாடப்படுகிற நல்லதங்காளின் பெயரையே ‘நல்லதங்காள் சிண்ட்ரோம்’ என்று தீர்ப்பில் எழுதியது. சடன் என்பதோடு ‘சஸ்டெய்ன்ட் ப்ரவகேஷன்’, அதாவது விடாமல் தொடர்கிற ஆத்திரமூட்டலும் விலக்குக்குள் வரும் என்றது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல் இல்லை, தீர்ப்புகள் வழியாக வளர்ந்தது. எழுதப்பட்ட சொல் சடன்தான், இன்றைக்கும். ஆனால் துளித்துளியாக நிரம்பிய பானை ஒரு துளியில் வழியும்போது, வெளியே நிற்கிறவன் அந்தக் கடைசித் துளியை மட்டும் பார்த்துவிட்டு ‘திடீர்னு பண்ணிட்டா’ என்கிறான். தெருவில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. ‘நல்லாத்தான இருந்தா, என்னன்னு தெரியல, பொசுக்குன்னு இப்படிப் பண்ணிட்டா.’ நல்லா இருந்தாளா என்று அவள் அம்மையிடம் கேட்டால் தெரியும்.

வகுப்பில் அந்தப் பையன் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. நானும் பேச்சை மாற்ற வேண்டியிருந்ததால் டாக்டர்களிடம் போனேன். அவர்களிடம் மட்டும் கையில் கடிகாரம் இருக்கிறது. சடன் கார்டியாக் டெத் என்றால், அறிகுறி தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் இதயக் கோளாறால் போய்விடுவது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது நடந்தால், கடைசி 24 மணி நேரத்துக்குள் நன்றாக இருந்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் ‘சடன் அட்டாக்’ என்று பொதுவாகச் சொல்லுவார்கள். ஹார்ட் அட்டாக் வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு, முதலாவதில் இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய் அடைக்கிறது, ரெண்டாவதில் இதயத் துடிப்பே நிற்கிறது. முதலாவது ரெண்டாவதில் கொண்டுபோய் விடலாம். ‘சடன் அட்டாக்’ என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு எதிராகவும் ஒரு சடன் இருக்கிறது, அதை மறைத்தால் நியாயமில்லை. கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு உடனே தெரியும். ஆட்டம் சமனாகி, ஷூட்அவுட்டில் ஆளுக்கு ஐந்து முயற்சியும் சமனானால் அடுத்தது ‘சடன் டெத்’. ஒருவன் போட்டு மற்றவன் தவறவிட்டால் அந்த நிமிஷமே முடிந்தது. கால்பந்திலும் பெனால்டியில் இதேதான். மைதானத்தில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நகத்தைக் கடிக்கிறான், எதிர்பாராத தன்மை என்று ஒரு துளி கிடையாது, ஆனாலும் சடன். இங்கே அதற்கு ‘அந்த இடத்திலேயே முடிவு’ என்றுதான் பொருள். சொல் எப்போதும் நாம் சொல்லிக்கொடுத்தபடி நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே மாதிரி ‘ஆல் ஆஃப் எ சடன்’. பெயரடையாகப் பிறந்தது அங்கே பெயராக வேஷம் போட்டு நிற்கிறது. ஏன் என்று கேட்டால் பழக்கம், வேறு பதில் இல்லை. அதை உடைத்துப் பார்க்காமல் முழுசாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நடுவில் ‘எ’க்குப் பதில் ‘தி’ போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக லீவ் லெட்டர். ‘ஐ ஹேவ் எ சடன் வொர்க்’ என்பது எங்கள் பக்கத்து ஆபீஸ்களின் தேசிய கீதம். வேலை நடக்கிற விஷயம்தானே, ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் வொர்க் எண்ண முடியாத பெயர், முன்னால் ‘எ’ நிற்காது, அது முதல் கோளாறு. ரெண்டாவது, நாம் சொல்ல வருவது அவசரம் என்பதை. அதற்கு அர்ஜென்ட் இருக்கிறது, ‘சம்திங் அர்ஜென்ட் ஹேஸ் கம் அப்’ என்று எழுதினால் மேனேஜரும் மேற்கொண்டு கேட்க மாட்டார். உடம்பு சரியில்லை என்றால் ‘டியூ டு சடன் இல்னெஸ்’ சரியான ஆங்கிலம், தாராளமாக எழுதலாம். கோயில் கொடைக்குப் போகிறவர்கள் மட்டும் இதை எழுத வேண்டாம். கொடை எந்தச் செவ்வாய்க்கிழமை என்று ஊரில் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வரிப் பிரித்து, நோட்டீஸ் அடித்து, மேனேஜர் மேஜையிலும் ஒன்று வைத்திருப்பார்கள்.